பீரோவில் கிடந்த ஸ்கேன் ரிப்போர்ட்

2023 தீபாவளி இரவு அந்த வலி முதன்முதலாக வந்தது. காலையில் இட்லியும் கறிக்குழம்பும், மதியம் பிரியாணி, மாலையில் எதிர் வீட்டு அக்கா கொடுத்தனுப்பிய அதிரசம் என்று வழக்கமான பண்டிகைச் சாப்பாடுதான். இரவு பதினொன்றரை மணிக்கு நெஞ்சுக்குழியில் ஒரு அழுத்தம் தொடங்கியது. கால் மணி நேரத்தில் அது வலது விலாவுக்குக் கீழே இறங்கி, முதுகில் தோள்பட்டை எலும்பு வரை இழுத்துப் பிடித்தது. படுத்தாலும் உட்கார்ந்தாலும் குனிந்தாலும் அடங்கவில்லை. இரண்டு முறை வாந்தி எடுத்தேன். கணவர் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். மகள் கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள், அன்று மதியமே தோழி வீட்டுக்குப் போயிருந்தாள். திண்டுக்கல் வீட்டில் நான் மட்டும் சமையலறைச் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு ஓமத் தண்ணீர் குடித்தேன், பெருங்காயம் கரைத்த மோர் குடித்தேன். இரண்டரை மணிக்கு, யாரோ சுவிட்சை அணைத்ததைப் போல வலி நின்றுவிட்டது. காலையில் எழுந்தபோது ஒன்றுமே நடக்காதது போல இருந்தது. வாயு என்று முடிவு செய்துவிட்டேன்.

என்னை ஏமாற்றியது அந்த வலி நின்ற விதம்தான். நோய் என்றால் மறுநாளும் கொஞ்சம் மிச்சம் இருக்கும் என்று நினைத்திருந்தேன். அது பித்தப்பைக் கல்லின் வலி என்று பின்னாளில் மருத்துவர் விளக்கியபோதுதான் புரிந்தது. கொழுப்பான சாப்பாடு குடலுக்குள் இறங்கியதும் பித்தப்பை சுருங்கிப் பித்தத்தை வெளியே தள்ளும். அப்போது உள்ளே இருக்கும் கல் பையின் கழுத்தில் போய் அடைத்துக்கொண்டால் வலி வரும். கல் மறுபடி பைக்குள் விழுந்துவிட்டால் வலி சுத்தமாக நின்றுவிடும். ஆகவே அரை மணி முதல் சில மணி நேரம் வரை நீடித்து, பெரும்பாலும் இரவில், சாப்பிட்ட பிறகு வந்து, முதுகுக்கும் வலது தோளுக்கும் பரவி, அப்புறம் முழுதாக நின்றுவிடும் வலியை வாயு என்று நீங்களாக முடிவு கட்டாதீர்கள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு நெஞ்சுக்குழியில் இப்படி வலி வந்தால் முதலில் இ.சி.ஜி. எடுத்து, மாரடைப்பு இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். அன்றிரவு நான் செய்யத் தவறிய முதல் காரியம் அது. எனக்கு அப்போது 43 வயது.

அடுத்த எட்டு மாதங்களில் ஏழு முறை வலி வந்தது. ஒரு கல்யாண வீட்டுச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஒரு முறை புரோட்டாவுக்குப் பிறகு, ஒரு முறை வெறும் நெய்த் தோசைக்குப் பிறகு. மருந்துக் கடையில் கேட்டு அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை வாங்கிப் போட்டேன். வலி தானாக நிற்கும் நேரமும் மாத்திரை போட்ட நேரமும் ஒத்துப்போனதால் மாத்திரை கேட்கிறது என்று நம்பினேன். பிறகு ஒரு மருத்துவரிடம் போனேன். எண்டோஸ்கோப்பி செய்தார், இரைப்பையில் லேசான புண் என்றார், மூன்று மாதத்துக்கு மருந்து எழுதினார். என் வலியை நான் அவரிடம் சரியாகச் சொல்லவும் இல்லை. “வயிறு எரிகிறது, கேஸ் தொந்தரவு” என்றுதான் சொன்னேன். எந்த இடத்தில் தொடங்கியது, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் இருந்தது, அதற்கு முன் என்ன சாப்பிட்டேன், முதுகுக்குப் போனதா என்று ஒரு தாளில் எழுதி எடுத்துப் போயிருந்தால், அவரே அன்று வயிற்று ஸ்கேனுக்கு அனுப்பியிருப்பார் என்று நினைக்கிறேன். எண்டோஸ்கோப்பி குழாய்க்கு இரைப்பையின் உட்புறம்தான் தெரியும். பித்தப்பை அதற்கு வெளியே, கல்லீரலின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதைப் பார்க்கச் சாதாரண அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் போதும்.

அந்த ஸ்கேனை 2024 ஜூலையில் எடுத்தேன். அதுவும் இரண்டு நாள் வேலை ஆயிற்று. முதல் நாள் காலையில் பால் காபி குடித்துவிட்டுப் போனேன். பித்தப்பை சுருங்கிவிட்டது, ஒன்றும் சரியாகத் தெரியவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆறு முதல் எட்டு மணி நேரம் வெறும் வயிற்றோடு போக வேண்டும். மறுநாள் தெளிவாகத் தெரிந்தது: பல கற்கள், பெரியது 9 மி.மீ. ரிப்போர்ட்டைக் கொடுத்த மருத்துவர், “இதற்கு முன் எப்போதாவது ஸ்கேன் எடுத்தீர்களா?” என்று கேட்டார். அப்போதுதான் 2021-ல் அதிக உதிரப்போக்குக்காக எடுத்த ஸ்கேன் நினைவுக்கு வந்தது. வீட்டுக்கு வந்து பீரோவைத் துழாவினேன். கர்ப்பப்பை பற்றி எழுதியிருந்த பத்திக்கு மேலே ஒரே ஒரு வரி: பித்தப்பையில் 5 மி.மீ. அளவில் ஒரு கல். மூன்று ஆண்டுகள் அந்த வரி என் புடவைகளுக்கு அடியிலேயே இருந்திருக்கிறது. அன்று நான் போனது கர்ப்பப்பைக்காக. மருத்துவர் அதைப் பற்றி மட்டும் பேசினார். நானும் அதை மட்டும் கேட்டுக்கொண்டு வந்துவிட்டேன். ஒரு ஆலையில் கணக்குப் பிரிவில் இருபது ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். யாருடைய பில்லிலும் ஒரு வரியை விட்டதில்லை. என் உடம்பைப் பற்றிய தாளை நான் படிக்கவில்லை. இந்த வருத்தம் இன்றும் தீரவில்லை.

அந்த ஒரு கல் பலவாகப் பெருகியதற்கு நான் செய்த இன்னொரு காரியமும் காரணமாக இருக்கலாம். 2023 தொடக்கத்தில் இரவுச் சாப்பாட்டை முழுதாக நிறுத்தி, நான்கே மாதத்தில் 78 கிலோவிலிருந்து 63 கிலோவுக்கு இறங்கினேன். எல்லோரும் பாராட்டினார்கள். கல்லீரல் ஒரு நாளைக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை பித்தத்தைச் சுரக்கிறது. அதில் ஒரு பங்கை, 30 முதல் 50 மில்லி கொள்ளும் இந்தச் சிறிய பை தேக்கிக் கெட்டியாக்கி வைத்துக்கொள்கிறது. பித்தத்தில் கொலஸ்டிரால் அளவுக்கு மிஞ்சினாலோ, பை சரியாகச் சுருங்கி விரியாமல் பித்தம் தேங்கி நின்றாலோ கல் உருவாகிறது. உடம்பு வேகமாக இளைக்கும்போது கல்லீரல் அதிகக் கொலஸ்டிராலைப் பித்தத்தில் கலக்கிறது. நெடுநேரம் பட்டினி கிடந்தால் பை சுருங்காமல் நிற்கிறது. இரண்டும் சேர்ந்தால் கல்லுக்கு வசதி. பெண்ணாக இருப்பது, நாற்பதைக் கடப்பது, பிள்ளைப்பேறு, உடல் பருமன், கருத்தடை மாத்திரை, குடும்பத்தில் யாருக்காவது கல் இருப்பது ஆகியவை ஏற்கெனவே வாய்ப்பைக் கூட்டுகின்றன. எடை குறைக்க நினைப்பவர்கள் மெதுவாகக் குறையுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஸ்கேனைப் பார்த்த அறுவை மருத்துவர், வலி கொடுக்கத் தொடங்கிவிட்ட கல் சும்மா இருக்காது, சிறு துளைகள் வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோப்பி முறையில் பித்தப்பையை எடுத்துவிடலாம், இரண்டு நாள் தங்கினால் போதும், ரூ.65,000 ஆகும் என்றார். எனக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. கல்லை எடுப்பதற்குப் பதிலாக உறுப்பையே எடுக்கச் சொல்கிறாரே, பணத்துக்காகச் சொல்கிறார் என்று கோபம் வந்தது. சிறுநீரகக் கல்லுக்கு யாரும் சிறுநீரகத்தை எடுப்பதில்லையே என்று வாதாடினேன். அவர் பொறுமையாகவே பதில் சொன்னார்: கல்லை மட்டும் எடுத்தால் அதே பை மறுபடி கல்லை உண்டாக்கும், பை இல்லாவிட்டாலும் கல்லீரலிலிருந்து பித்தம் நேராகக் குடலுக்குப் போய்ச் சேரும், செரிமானம் நடக்கும். நான் காதில் வாங்கவில்லை. அவரிடம் இன்னும் இரண்டு கேள்வி கேட்டிருக்கலாம், அல்லது இன்னொரு அறுவை மருத்துவரிடம் போய்க் கருத்துக் கேட்டிருக்கலாம். அதற்குப் பதிலாக அக்கம்பக்கத்தில் கேட்டேன்.

முதலில் வாழைத்தண்டுச் சாறு. ஒரு மாதம் தினமும் குடித்தேன். நம் ஊரில் வாழைத்தண்டு, சிறுபீளை, நெருஞ்சில் எல்லாம் சிறுநீரகக் கல்லுக்காகச் சொல்லப்படுபவை. சிறுநீரைப் பெருக்கிச் சின்னக் கல்லை அடித்துக்கொண்டு போகும் என்பது அவற்றின் பின்னால் இருக்கும் எண்ணம். பித்தப்பைக்கும் சிறுநீர்ப் பாதைக்கும் தொடர்பே கிடையாது. ‘கல்’ என்ற ஒரே சொல் இரண்டு நோய்களையும் ஒன்றாக நினைக்க வைத்துவிடுகிறது. அடுத்து, கல்லைக் கரைக்கும் என்று ஒருவர் சொன்ன உர்சோடியாக்ஸிகோலிக் அமில மாத்திரை. இது நிஜமான மருந்துதான். ஆனால் சுண்ணாம்பு படியாத, சிறிய கொலஸ்டிரால் கற்களைத்தான் கரைக்கும். அதற்கும் ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை ஆகும். நிறுத்திய பிறகு பலருக்குத் திரும்ப வந்துவிடும். இதையெல்லாம் கேட்காமல், மருத்துவர் சீட்டு இல்லாமல், மாதம் ரூ.1,500 கொடுத்து வாங்கிப் போட்டேன்.

மூன்றாவதாகச் செய்ததுதான் என்னைக் கவிழ்த்தது என்று நம்புகிறேன். ஆலிவ் எண்ணெயையும் எலுமிச்சைச் சாற்றையும் கலந்து இரவில் குடித்தால் காலையில் கற்கள் வெளியே வந்துவிடும் என்று எதிர் வீட்டு அக்கா ஒரு வீடியோவைக் காட்டினார். அவர் நல்லெண்ணத்தில்தான் காட்டினார். அவர் மேல் எனக்கு ஒரு துளி மனத்தாங்கலும் இல்லை. செப்டம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை இரவு அரை டம்ளர் எண்ணெய் குடித்தேன். மறுநாள் காலையில் பச்சை நிறத்தில் மெத்தென்ற உருண்டைகள் நிறைய வந்தன. கண்ணில் நீர் வந்துவிட்டது. அறுபத்தைந்தாயிரம் ரூபாயும் ஒரு அறுவை சிகிச்சையும் மிச்சமாயிற்று என்று கடவுளுக்கு நன்றி சொன்னேன். அவை கற்களே அல்ல. குடித்த எண்ணெய் குடலில் சோப்பு போலத் திரண்டு வரும் கட்டிகள் அவை. ஆய்வுக்கூடத்தில் சோதித்துப் பார்த்து உறுதி செய்யப்பட்ட விஷயம் இது. பித்தப்பைக் கற்கள் கெட்டியானவை. உள்ளே இருந்த என் கற்களில் ஒன்றுகூடக் குறையவில்லை. மேலும், அவ்வளவு எண்ணெய் ஒரே மூச்சில் இறங்கினால் பித்தப்பை பலமாகச் சுருங்கும். கல்லைப் பித்தநாளத்துக்குள், அதாவது பித்தம் குடலுக்குப் போகும் குழாய்க்குள், தள்ளிவிடலாம் என்று மருத்துவர் சொன்னார். அதனால்தான் நடந்தது என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் ஐந்தாம் நாள், செப்டம்பர் 6, இதுவரை வராத அளவு வலி வந்தது. இந்த முறை அது முழுதாக நிற்கவில்லை.

எட்டாம் தேதி சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போயிற்று. உள்ளங்கையிலும் பாதத்திலும் தாங்க முடியாத அரிப்பு. மலம் வெளுத்துக் களிமண் போல இருந்தது. கண்ணாடியில் பார்த்தால் கண்ணின் வெள்ளையில் மஞ்சள். மஞ்சள் காமாலைக்கு நம் வீடுகளில் வேறு என்ன செய்வோம்? கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து நான்கு நாள் குடித்தேன், பத்தியம் இருந்தேன். காமாலை என்பது ஒரே நோய் இல்லை என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. கிருமியால் கல்லீரல் வீங்கி வரும் காமாலை வேறு. கல் பித்தநாளத்தை அடைத்து, பித்தம் குடலுக்குப் போக வழியில்லாமல் இரத்தத்தில் ஏறி வரும் அடைப்புக் காமாலை வேறு. குழாயில் அடைப்பு இருக்கும்போது எந்த இலையும் அதை எடுக்காது. வெளுத்த மலம், கறுத்த சிறுநீர், அரிப்பு இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அதோடு குளிர் நடுக்கத்துடன் காய்ச்சலும் வந்துவிட்டால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. தேங்கிய பித்தத்தில் கிருமி பரவி இரத்தத்தில் கலக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். எனக்கு அந்த நடுக்கம் செப்டம்பர் 12, வியாழன் இரவு வந்தது. கட்டில் ஆடியது. இரண்டு போர்வை போர்த்தியும் பற்கள் ஒன்றோடொன்று மோதின.

மகளுக்குத் தேர்வு. கணவர் கடல் கடந்து இருக்கிறார். இருவருக்கும் சொல்லவில்லை. வாடகைக் கார் பிடித்து, ரூ.2,800 கொடுத்து நள்ளிரவில் மதுரைக்குப் போய் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்ந்தேன். 108 ஆம்புலன்ஸ் இலவசம் என்பதும், திண்டுக்கல்லிலேயே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது என்பதும், மதுரை இராசாசி மருத்துவமனையில் இதற்கென்று தனித் துறையே இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியாதவை அல்ல. பயத்தில் எதுவும் நினைவுக்கு வரவில்லை. அவசர சிகிச்சைப் பிரிவில் முதல் கேள்வி “கூட யார் வந்திருக்கிறார்கள்?” என்பதுதான். யாரும் இல்லை என்றேன். அந்தப் பெண் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். நினைவோடு இருக்கும் வயதுவந்த நோயாளி தன் சிகிச்சைக்குத் தானே கையெழுத்துப் போடலாம். ஆனால் மருந்து வாங்கி வரவும், பணம் கட்டவும், மயக்க மருந்து கொடுத்த பிறகு நம் பொருட்களைப் பார்த்துக்கொள்ளவும் ஒருவர் தேவைப்படுகிறார். நாளொன்றுக்கு ரூ.800 கூலிக்கு ஒரு உதவியாளர் அம்மாவை அமர்த்திக்கொண்டேன். தனியாக இருப்பவர்கள், இன்றே யாரிடமாவது ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்: நள்ளிரவில் கூப்பிட்டால் வர வேண்டும் என்று. நான் கூப்பிட்டிருந்தால் எதிர் வீட்டு அக்கா செருப்புக்கூடப் போடாமல் ஓடி வந்திருப்பார். பின்னர் அதைச் சொல்லியே என்னிடம் அழுதார்.

இரத்தத்தில் பிலிருபின் 7.8, ஒன்றை ஒட்டி இருக்க வேண்டிய அளவு அது. பித்தநாளங்களைப் படம் பிடிக்கும் எம்.ஆர்.சி.பி. ஸ்கேனில் பொதுப் பித்தநாளத்தில் இரண்டு கற்கள் தெரிந்தன. சாதாரண ஸ்கேன் பித்தப்பையில் உள்ள கல்லை நன்றாகக் காட்டும். நாளத்துக்குள் நழுவிய கல்லைப் பல நேரம் தவறவிட்டுவிடும், அதனால்தான் இது. மூன்றாம் நாள் இ.ஆர்.சி.பி. செய்தார்கள். வாய் வழியாகக் குழாயைச் சிறுகுடல் வரை இறக்கி, பித்தநாளம் குடலில் திறக்கும் வாயைச் சற்றே கீறி, கல்லைக் கூடை போன்ற கருவியால் இழுத்துக் குடலில் போட்டுவிடுவது. வயிற்றில் வெட்டு கிடையாது. சிலருக்கு இதனாலேயே கணையம் வீங்கும், இரத்தம் கசியும் என்று முன்பே சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள். எனக்கு அப்படி எதுவும் ஆகவில்லை. பித்தம் தடையின்றி வடிய உள்ளே ஸ்டென்ட் என்ற ஒரு சிறு பிளாஸ்டிக் குழாயை வைத்தார்கள். அடுத்த நாளே சிறுநீர் தெளிந்தது, அரிப்பு அடங்கியது. பதினேழாம் தேதி ரூ.92,400 கட்டிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

இங்கேதான் மறுபடி தவறினேன். “கல்லை எடுத்துவிட்டார்கள்” என்று எல்லோரிடமும் சொன்னேன், நானும் அப்படியே நம்பினேன். எடுத்தது நாளத்தில் சிக்கிய இரண்டை மட்டும். அவற்றை அனுப்பிய பை, மற்ற கற்களோடு அப்படியேதான் இருந்தது. இரண்டு வாரத்துக்குள் வந்து பித்தப்பையை எடுத்துவிடுங்கள் என்று மருத்துவர் தெளிவாகச் சொல்லியிருந்தார். ஆலையில் வரித் தணிக்கை நேரம். செப்டம்பர் 30 கடைசித் தேதி, பிறகு அது அக்டோபர் 7 வரை நீட்டிக்கப்பட்டது. தணிக்கையை முடித்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன். வயிறு வேறு நன்றாக இருந்தது. அக்டோபர் 9 மாலை அலுவலகத்திலேயே வலி வந்தது. வலது விலாவின் கீழே விரலை வைத்தால் மூச்சு நின்றது. ஆறு மணி நேரம் ஆகியும் குறையவில்லை, காய்ச்சலும் ஏறியது. பித்தப்பையே வீங்கிச் சீழ் பிடிக்கத் தொடங்கியிருந்தது. இந்த முறை என்னுடன் கணக்குப் பார்க்கும் பெண் ஒருத்தி மருத்துவமனைக்குக் கூடவே வந்துவிட்டாள். மகளுக்கும் அவளே சொல்லிவிட்டாள்.

அறுவை சிகிச்சை 11-ஆம் தேதி, ஆயுத பூஜை அன்று. ஸ்டிரெச்சரில் போகும்போது லிஃப்ட் கதவுக்குப் பொட்டு வைத்திருந்தார்கள், பொரி வாசனை வந்தது. நான்கு சிறு துளைகள் போடுவார்கள் என்று நினைத்துக் கண்ணை மூடினேன். கண் விழித்தபோது வலது விலாவுக்குக் கீழே சாண் நீளத்துக்குத் தையல் இருந்தது, பக்கத்தில் ஒரு குழாய் தொங்கியது. அழுதேன். ஏதோ கெட்டுப்போய்விட்டது என்று நினைத்தேன். மாலையில் மருத்துவர் வந்து கட்டிலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்து சொன்னார். துளை வழியாகத்தான் தொடங்கினோம். வீக்கத்தில் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிப் போயிருந்தது. பித்தப்பையின் குழாய் எது, பொதுப் பித்தநாளம் எது என்று தெளிவாகத் தெரியவில்லை. தெரியாமல் பொதுநாளத்தை வெட்டிவிட்டால் வாழ்நாள் முழுக்கத் துன்பம், அதனால் திறந்து செய்தோம் என்றார். இப்போது அந்தத் தழும்பைப் பார்க்கும்போது அவர்மேல் மரியாதைதான் வருகிறது. லேப்ராஸ்கோப்பிக்குச் சம்மதிக்கும் எல்லோரும், தேவைப்பட்டால் திறந்து செய்ய வேண்டி வரும் என்பதையும் மனத்தில் வைத்துக்கொண்டு படுங்கள். என் பக்கத்து அறையில் திட்டமிட்டு நான்கு துளையில் செய்துகொண்ட ஒரு பெண் மறுநாளே நடந்து வீட்டுக்குப் போனார். அவருக்கிருந்த ஒரே கவலை வலது தோள் வலி. வயிற்றை விரிக்கச் செலுத்தும் கரியமில வாயு உதரவிதானத்தை உறுத்துவதால் வரும் அந்த வலி, எழுந்து நடக்க நடக்கப் போய்விடுமாம். எனக்கோ ஒன்பது நாள் ஆயிற்று. இருமினால் தலையணையை வயிற்றில் அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் இரும வேண்டும். எடுத்த பையைத் திசுச் சோதனைக்கு அனுப்பினார்கள். அதன் முடிவு வரும் வரை இருந்த பத்து நாட்களைப் பற்றி எழுத எனக்கு வார்த்தை இல்லை. நாள்பட்ட அழற்சி, புற்றுநோய் இல்லை என்று வந்தது. நீங்களும் அந்தச் சோதனையைக் கேட்டுச் செய்யுங்கள், முடிவைக் கையில் வாங்குங்கள்.

இனிப் பணம். முதல் பில் ரூ.92,400, இரண்டாவது பில் ரூ.1,87,000. அதற்கு முந்தைய மருத்துவம், மாத்திரை, ஸ்கேன் எல்லாம் சேர்த்து ரூ.14,100. பின்னால் சொல்லப்போகும் ஸ்டென்ட் எடுப்பதற்கு ரூ.11,500. மொத்தம் ரூ.3,05,000. கார், உதவியாளர் கூலி, 31 நாள் சம்பளமில்லா விடுப்பு இதில் சேராது. ஐந்து பவுன் சங்கிலி வங்கியில் இருக்கிறது. என்னிடம் மருத்துவக் காப்பீடு இருந்தது. 2023 பிப்ரவரியில் எடுத்தது. செலவைக் கேட்டு நான் போட்ட விண்ணப்பம் மறுக்கப்பட்டது. ஒன்று, பித்தப்பைக் கல் அறுவைக்கு இரண்டு ஆண்டு காத்திருப்புக் காலம் என்று பாலிசியில் அச்சிட்டிருந்தது. இருபதாவது மாதத்தில் நான் மருத்துவமனையில் இருந்தேன். இரண்டு, 2021 ஸ்கேனில் கல் இருந்தும், பாலிசி எடுத்தபோது நிரப்பிய படிவத்தில் ‘எந்த நோயும் இல்லை’ என்று எழுதியிருந்தேன். முகவர் “எல்லாவற்றுக்கும் கிடைக்கும்” என்று வாயால் சொன்னது எந்தத் தாளிலும் இல்லை. காத்திருப்புக் காலப் பட்டியலை உங்கள் பாலிசியில் தேடிப் படியுங்கள். பெரும்பாலான பாலிசிகளில் கண்புரை, குடலிறக்கம், கர்ப்பப்பை அகற்றம் ஆகியவற்றோடு இதுவும் இருக்கும். உங்கள் விண்ணப்பம் அநியாயமாக மறுக்கப்பட்டதாகத் தோன்றினால், முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் முறையிட்டு, முப்பது நாளில் தீர்வு வராவிட்டால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றிப் போகலாம். சென்னையில் அலுவலகம் இருக்கிறது. என் விஷயத்தில் அவர்கள் சொன்ன இரண்டு காரணமும் சரியாக இருந்ததால் நான் போகவில்லை. மாதச் சம்பளம் ரூ.21,000-க்குள் இருப்பவர்களுக்கு ஈ.எஸ்.ஐ. உண்டு, ஆண்டு வருமானம் ரூ.1,20,000-க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உண்டு. எனக்குச் சம்பளம் ரூ.24,000, இரண்டிலும் வரவில்லை. அரசு மருத்துவமனைக்குப் போக எந்த வரம்பும் கிடையாது. ஜூலையிலேயே, அவசரமில்லாத நேரத்தில், அங்கே போய் வரிசையில் நின்றிருக்க எனக்கு நேரம் இருந்தது.

டிசம்பரில் அந்தக் காப்பீட்டு விண்ணப்பத்துக்காகக் காகிதங்களை அடுக்கியபோதுதான் செப்டம்பர் டிஸ்சார்ஜ் அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரியைப் பார்த்தேன்: ஆறு வாரத்தில் ஸ்டென்ட் அகற்றப்பட வேண்டும். பன்னிரண்டு வாரம் கடந்திருந்தது. இரண்டாவது முறை சேர்ந்தபோது அறுவைப் பிரிவினர் ஸ்டென்டைப் பற்றிப் பேசவில்லை. அது வேறு பிரிவின் வேலை. பிளாஸ்டிக் ஸ்டென்ட் மூன்று மாதத்துக்கு மேல் உள்ளே இருந்தால் அடைத்துக்கொண்டு மறுபடி காமாலையையும் கிருமித் தொற்றையும் கொண்டுவரலாம். டிசம்பர் 18 காலை எடுத்துவிட்டார்கள், பத்து நிமிட வேலை. ஸ்டென்ட் வைத்துக்கொண்டு வீடு திரும்பும் ஒவ்வொருவரும் எடுக்க வேண்டிய தேதியை அன்றே காலண்டரில் குறித்துவிடுங்கள். மருத்துவமனையிலிருந்து தொலைபேசி வரும் என்று காத்திருக்காதீர்கள். எனக்கு வரவில்லை.

சாப்பாட்டைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். முதல் இரண்டு மாதம் எண்ணெய்ப் பண்டம் சாப்பிட்டால் வயிறு இளகிப் போயிற்று. இப்போது இல்லை. கறிக்குழம்பு சாப்பிடுகிறேன், அளவாக. ஆயுள் முழுக்க எந்த மருந்தும் கிடையாது.

பிப்ரவரியில் என் தங்கையை வற்புறுத்தி ஸ்கேனுக்கு அழைத்துப் போனேன். நத்தத்தில் இருக்கிறாள், வயது 39. வெறும் வயிற்றோடுதான். அவளுக்கும் 4 மி.மீ. அளவில் ஒரு கல். பதறிப் போய் அன்றே அறுவைக்குத் தேதி கேட்டேன். மருத்துவர் மறுத்துவிட்டார். வலியே வராதவர்களுக்குப் பொதுவாக அறுவை தேவையில்லை, பெரும்பாலோருக்கு அது வாழ்நாள் முழுவதும் சும்மாவே இருந்துவிடும், வலி வந்தால் அன்றே வாருங்கள் என்றார். தங்கையை உட்கார வைத்து எந்த வலி, எங்கே தொடங்கும், எதுவரை பரவும் என்று விரலால் தொட்டுக் காட்டினேன். அடுத்த வாரம் அவள் மருத்துவக் காப்பீட்டுக்கு விண்ணப்பித்தாள். ஏற்கெனவே உள்ள நோய்கள் என்ற கட்டத்தில் ‘பித்தப்பையில் ஒரு கல், 4 மி.மீ.’ என்று அவள் எழுதும்போது நான் பக்கத்தில் இருந்தேன். ஸ்கேன் ரிப்போர்ட்டின் நகலையும் சேர்த்துப் பின் போட்டோம்.